சுண்டுவிரலைக் கேட்டுவிட்டு வாங்குங்கள்

"ஏட்டி, லீவுல சும்மாதான இருக்க, டைப்பிங் கிளாஸுக்காவது போயேன்."

சிவகிரிப் பக்கம் பிளஸ் டூ பரீட்சை எழுதி முடித்த பிள்ளைகள் இருக்கும் வீட்டில், மே மாத வெயிலோடு சேர்ந்து இந்த வசனமும் வந்துவிடும். இது ஈரோட்டுச் சிவகிரி இல்லை. மேற்குத் தொடர்ச்சி மலையடியில், ராஜபாளையம் தாண்டி வாசுதேவநல்லூருக்கு முன்னால் வரும் சிவகிரி. 2019 நவம்பரில் நெல்லையைப் பிரித்துத் தென்காசி மாவட்டம் அமைத்தபோது அதோடு போன தாலுகா. லோயர், ஹையர் இரண்டையும் தமிழிலும் இங்கிலீஷிலும் முடித்து வைத்தால் குரூப் ஃபோரில் டைப்பிஸ்ட் வேலைக்குக் கை நீட்டலாம் என்பது வீட்டாரின் கணக்கு. அந்தக் கணக்கில் தப்பொன்றும் இல்லை.

முதல் நாள் வகுப்பு எல்லா ஊரிலும் ஒன்றுதான். ஏ, எஸ், டி, எஃப், ஜி, எஃப். பிறகு வலது கைக்கு செமிகோலன், எல், கே, ஜே, எச், ஜே. பக்கம் பக்கமாக இதையே அடிக்க வேண்டும். அடித்த காகிதத்தை உருளையிலிருந்து உருவி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும். எஃப் கறுப்பாக, அழுத்தமாக விழுந்திருக்கும். டி பரவாயில்லை. எஸ் கொஞ்சம் வெளிறியிருக்கும். ஏ இருக்கிறதா இல்லையா என்று தேட வேண்டியிருக்கும். பாடம் தொடங்குவதே சுண்டுவிரலில், அந்த விரலுக்குத்தான் பலமே கிடையாது. டைப்ரைட்டரில் எழுத்து அச்சாவது விரலின் விசையால். ஐந்து விரலுக்கும் ஐந்து பலம் என்ற உண்மையை அந்தக் காகிதம் பச்சையாக எழுதிக் காட்டிவிடும்.

கம்ப்யூட்டர் வந்ததும் இந்தச் சாட்சி காணாமல் போயிற்று. மெதுவாக அழுத்தினாலும் ஓங்கி அழுத்தினாலும் திரையில் ஒரே கறுப்பு. சுண்டுவிரலின் பாடு குறையவில்லை, கண்ணுக்குத் தெரியாமல் போனது, அவ்வளவுதான். நாள் முழுக்கத் தட்டுகிறவருக்கு அது மணிக்கட்டில், முழங்கையில் வலியாக எட்டிப் பார்க்கும்போதுதான் "எந்தக் கீபோர்டு வாங்கலாம்?" என்ற கேள்வி எழுகிறது.

உண்மையில் அதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. கையில் தொடுகிற பலகை எது என்பது ஒன்று. அந்தப் பலகையில் எந்த எழுத்து எந்த விசையில் உட்கார்ந்திருக்கிறது என்பது மற்றொன்று. கடைக்காரர் முதலாவதற்கு மட்டும்தான் விலை சொல்வார். இரண்டாவது இலவசம், ஆனால் தமிழில் தட்டுகிறவருக்கு அதுதான் பெரிய விஷயம்.

இங்கிலீஷ் விசை வரிசையின் கதை பலருக்கும் அரைகுறையாகத் தெரியும். அமெரிக்காவின் மில்வாக்கியில் கிறிஸ்டோபர் லேதம் ஷோல்ஸ் 1868இல் தட்டச்சு எந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். ரெமிங்டன் நிறுவனம் அதை வாங்கி விற்பனைக்குக் கொண்டு வந்தது. 1878இல் வந்த இரண்டாம் மாடலில் ஷிப்டு விசையும் சேர்ந்தது. மேல் வரிசையின் முதல் ஆறு எழுத்துகளால் குவெர்ட்டி என்று பெயர். டைப் அடிப்பவர்களின் வேகத்தை வேண்டுமென்றே குறைக்கத்தான் இப்படிக் கலைத்துப் போட்டார்கள் என்று ஒரு கதை ஊரெல்லாம் உலவுகிறது. அதற்குச் சரியான ஆதாரம் கிடையாது. ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யசுவோக்கா இணையர் 2011இல் வெளியிட்ட ஆய்வில், மோர்ஸ் தந்தியைக் காதால் கேட்டு எழுதிய தந்தி ஊழியர்களின் வசதிதான் அந்த வரிசையில் அதிகம் தெரிகிறது என்று வாதிட்டார்கள்.

இதை மாற்ற 1936இல் ஆகஸ்ட் டுவோராக் ஒரு புதிய வரிசைக்குக் காப்புரிமை வாங்கினார். உயிரெழுத்துகள் எல்லாம் இடது கையின் நடுவரிசையில், அடிக்கடி வரும் மெய்கள் வலது கையில். இடம், வலம் என்று கைகள் மாறி மாறித் தட்டும். ஒரு கை தட்டும்போது மற்றது அடுத்த விசைக்கு நகர்ந்து தயாராக இருக்கும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 1956இல் அமெரிக்க அரசுக்காக ஏர்ல் ஸ்ட்ராங் நடத்திய சோதனையில், பழைய வரிசையில் தேறியவர்களை டுவோராக்குக்கு மாற்றுவதில் செலவுக்கேற்ற லாபம் தெரியவில்லை. தென்காசிக்குப் பக்கத்தில் மாத்தளம்பாறையில் 2011இல் ஜோஹோ மென்பொருள் நிறுவனம் அலுவலகம் திறந்த பிறகு அந்த வட்டாரத்துப் பிள்ளைகள் எத்தனையோ பேர் சொந்த ஊரிலேயே மென்பொருள் எழுதுகிறார்கள். இங்கிலீஷில் மட்டும் தட்டும் அவர்கள் வரிசையை மாற்றிக்கொண்டு திண்டாட வேண்டியதில்லை. குவெர்ட்டியே போதும்.

தமிழுக்கு இந்த ஆறுதல் பொருந்தாது.

247 எழுத்தை நாற்பத்திச் சொச்சம் விசைக்குள் அடக்க வேண்டும். ஷிப்டைச் சேர்த்தாலும் இடம் தொண்ணூறைத் தாண்டாது. இந்தச் சிக்கலோடு மல்லுக்கட்டியவர் ஆர். முத்தையா. 1886இல் யாழ்ப்பாணம் சுண்டிக்குளியில் பிறந்து சிங்கப்பூரில் வேலை பார்த்தவர். அவர் வகுத்த விசை அமைப்போடு ஜெர்மனியின் சைடல் நௌமன் நிறுவனம் 'பிஜோ' என்ற கைப்பெட்டி டைப்ரைட்டரைத் தயாரித்தது. நகராத விசை என்ற உத்தி இந்த எந்திரத்தின் உயிர்நாடி. சாதாரண விசையைத் தட்டினால் கேரேஜ் ஓர் எழுத்து நகரும். புள்ளி போன்ற குறிகளைத் தட்டினால் நகராது. குறி விழுந்த இடத்திலேயே அடுத்த எழுத்தும் வந்து உட்காரும். கு, சு, டு, மு, ரு என்று ஒவ்வொன்றும் ஒவ்வோர் உருவம் என்பதால் அவற்றுக்கு ஷிப்டில் தனித்தனி இடம். ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் எழுத்துக்கு முன்னால் வருவதால் முதலில் அவற்றைத் தட்ட வேண்டும். தென்காசி என்று அடிக்கிறவர் தகரத்துக்கு முன்பே கொம்பைப் போட்டுவிட்டு வருவார். பேனா போகும் வழியில் விரலும் போகிறது. கையால் எழுதிப் பழகியவருக்கு இது இயல்பாகத்தான் இருந்திருக்கும்.

தமிழ் டைப்பிங் வகுப்பில் முதல் பாடம் 'யளனகபக'. ஏ எஸ் டி எஃப் ஜி எஃப்புக்கு ஈடான தமிழ் மந்திரம். வலது கையில் ஜே தகரம், கே மகரம், எல் டகரம். வலது சுண்டுவிரலுக்குக் கீழே, செமிகோலன் இருக்கும் இடத்தில், புள்ளி. பாமினி எழுத்துருவில் அடித்த கோப்பை அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் திறந்து பார்த்தவர்களுக்கு இது நினைவிருக்கும்: தமிழ் என்ற சொல் ஜே, கே, பி, ஓ, செமிகோலன் என்று பல்லிளிக்கும். டைப்ரைட்டரின் வரிசை அப்படியே கம்ப்யூட்டருக்குள் குடியேறியதன் அடையாளம் அது. இலங்கையில் இதே குடும்பத்து வரிசையை ரெங்கநாதன் விசைப்பலகை என்பார்கள்.

புள்ளியைப் போய்ச் சுண்டுவிரலிடம் கொடுத்ததுதான் வினை. தமிழில் புள்ளி இல்லாமல் ஓர் அடி நகர முடியாது. இந்தக் கட்டுரையின் தலைப்பையே எடுத்துக்கொள்வோம். மூன்று சொல், 19 எழுத்து, அதில் 7 எழுத்துக்குப் புள்ளி. டைப்ரைட்டர் வரிசையில் அந்த ஏழும் வலது சுண்டுவிரலின் தலையில்தான் விடியும். அரசு கடித நகலை நாள் முழுக்க அடித்த பழைய டைப்பிஸ்டுகளின் வலது சுண்டுவிரலுக்கு யாராவது ஓய்வூதியம் கொடுத்திருக்க வேண்டும்.

இந்த அநியாயத்தைச் சரி செய்ய வாய்ப்பு 1999இல் வந்தது. அந்த ஆண்டு பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நாட்டு அரசு நடத்திய தமிழ்இணையம்99 மாநாட்டில் தமிழுக்கு ஒரே விசைப்பலகை வேண்டும் என்ற பேச்சு எழுந்து, ஜூனில் தமிழ்99 அரசின் தரமாக அறிவிக்கப்பட்டது. எழுத்தின் உருவத்தை விட்டுவிட்டு ஒலியின் வரிசையில் தட்டும் முறைக்காக அதற்கு முன்பே பாடுபட்டவர்களில் சிங்கப்பூர் நா. கோவிந்தசாமி முக்கியமானவர். 'கணியன்' மென்பொருள் அவருடைய ஆக்கம். அறிவிப்பு வருவதற்குச் சில நாட்களுக்கு முன், அந்த மே மாதத்தில், அவர் காலமாகிவிட்டார்.

தமிழ்99ஐ முதன்முதலாகப் பார்க்கிறவர் கவனிக்க வேண்டியது அதன் நடுவரிசையை. இடது கையில் அ, இ, உ, புள்ளி, எ. வலது கையில் க, ப, ம, த, ந, ய. குறில் இருக்கும் விசைக்கு நேர் மேலே அதன் நெடில்: அகரத்துக்கு மேல் ஆ, இகரத்துக்கு மேல் ஈ, உகரத்துக்கு மேல் ஊ. உயிர் இடம், மெய் பெரும்பாலும் வலம். டுவோராக் சொன்ன அதே கை மாற்றம்தான், ஆனால் இங்கே அது எழுத்தின் அமைப்பிலிருந்தே பிறக்கிறது. உயிர்மெய் என்றாலே மெய் முன்னும் உயிர் பின்னும் வருவதுதானே. புள்ளி எங்கே போயிற்று என்றால் எஃப் விசைக்கு, இடது ஆள்காட்டி விரலுக்கு அடியில். எந்தக் கீபோர்டிலும் எஃப் மேல் ஒரு சின்ன மேடு இருக்கும், விரல் கண் பார்க்காமல் வீடு திரும்புவதற்காக. அந்த மேட்டின் மேல்தான் இப்போது புள்ளி.

அதையும் பாதி நேரம் தட்ட வேண்டியதில்லை. ஒரே மெய்யை இரண்டு முறை தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக விழும். மெல்லினத்தை அடுத்து அதன் இன வல்லினத்தைத் தட்டினாலும் அப்படியே: ங்க, ஞ்ச, ண்ட, ந்த, ம்ப, ன்ற. அம்மா என்பதற்கு அ, ம, ம, ஆ என்று நான்கு தட்டல் போதும். தலைப்பில் இருந்த ஏழு புள்ளிகளில் ஐந்து இப்படித் தானாக விழுபவை. மிச்சம் இரண்டுக்குத்தான் ஆள்காட்டி விரல் வேலை செய்கிறது. தொல்காப்பிய காலத்திலிருந்து இலக்கண வகுப்பில் சொல்லித் தரும் இன எழுத்து விதி, கடைசியில் ஒரு விரலுக்கு ஓய்வு கொடுக்கப் பயன்பட்டிருக்கிறது.

இப்போது ஃபோனெட்டிக்கைப் பார்க்கலாம். இங்கிலீஷ் எழுத்தில் ஒலியைத் தட்டினால் தமிழ் வரும் முறை இது. பெரும்பாலோர் பழகியதும் இதுதான். கற்க ஐந்து நிமிடம் ஆகாது. அதனாலேயே ஊரெல்லாம் பரவியது. பழக்கம் என்ற சொல்லை இதில் தட்டினால் பி, ஏ, இசட், எச், ஏ, கே, கே, ஏ, எம் என்று ஒன்பது தட்டல். விரல்களைப் பாடம் பிசகாமல் வைத்துக்கொண்டால் பி வலது சுண்டுவிரலுக்கு, மூன்று ஏயும் ஓர் இசட்டும் இடது சுண்டுவிரலுக்கு. ஒன்பதில் ஐந்து! தமிழ்99இல் ப, ழ, க, க, ம, புள்ளி என்று ஆறே தட்டல், அதில் ழகரம் மட்டும் சுண்டுவிரலுக்கு.

காரணம் எளிது. தமிழ் மெய்யோடு அகரம் சேர்ந்தால் எழுத்தில் தனிக் குறி எதுவும் கிடையாது. க என்று எழுதினாலே உள்ளே அகரம் இருக்கிறது. ஃபோனெட்டிக்கில் அந்தக் கண்ணுக்குத் தெரியாத அகரத்துக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு ஏ தட்டித் தீர வேண்டும். ஏ இருப்பதோ இடது சுண்டுவிரலுக்கு அடியில். போதாக்குறைக்கு ணகரம், ளகரம், றகரத்துக்கு ஷிப்டு வேறு. அதுவும் சுண்டுவிரல் வேலைதான். குற்றாலம் என்று ஃபோனெட்டிக்கில் அடித்தால் மூன்று ஏ, ஒரு ஷிப்டு. தமிழ்99இல் ஆகாரத்துக்கு மட்டும் ஒருமுறை. ஆனால் எல்லாச் சொல்லும் இப்படி இல்லை. தென்காசி இரண்டிலுமே சுண்டுவிரலை இரண்டு முறை கேட்கிறது. சிவகிரியும் ஒன்றுக்கு ஒன்று என்று சமன்தான். இந்த ஊர்ப்பெயர்களில் குற்றாலம் மட்டுமே கட்சி எடுக்கிறது.

தமிழ்99 ஒன்றும் குறையில்லாத அமைப்பு அல்ல. வலது சுண்டுவிரலுக்கு ந, ய, ண, ச, ஞ, ழ என்று ஆறு மெய்களைக் கட்டிவிட்டிருக்கிறார்கள். அடிக்கடி வரும் சகரத்துக்குப் பியையும் தாண்டிச் சதுர அடைப்புக்குறி வரை அந்த விரல் நீள வேண்டும். கண்ணாடி என்று அடித்துப் பார்க்கிறவருக்கு எரிச்சல் வரும். ணகரம் இரண்டும் வலது சுண்டுவிரலுக்கு, ஆகாரம் இடது சுண்டுவிரலுக்கு. சில லேப்டாப்களில் அந்த அடைப்புக்குறி விசைகளைச் சின்னதாக நறுக்கி ஒரு மூலையில் தள்ளியிருப்பார்கள். தமிழ்99இல் தட்டுகிறவர் அப்படிப்பட்ட லேப்டாப்பை வாங்கவே கூடாது. செமிகோலனுக்கு வலப்பக்கம் ஒன்று, பிக்கு வலப்பக்கம் இரண்டு என்று முழு அளவு விசைகள் இருக்கின்றனவா என்று கடையிலேயே எண்ணிப் பார்த்துவிட வேண்டும்.

மூன்றாவதாக இன்ஸ்கிரிப்ட் என்று ஒன்று உண்டு. இந்திய மொழிகள் எல்லாவற்றுக்கும் பொதுவாக 1980களில் வகுத்து, 1991இல் இந்தியத் தர நிறுவனத்தின் ஏற்பும் பெற்றது. மலையாளமோ இந்தியோ சேர்த்துத் தட்டுகிறவருக்கு நல்லது. செங்கோட்டை தாண்டினால் கேரளம் என்கிற ஊர்க்காரர்களுக்கு அது சின்ன விஷயமில்லை. விண்டோஸில் தமிழ் என்று சேர்த்தால் வெகுகாலம் இதுதான் வந்தது. தமிழ்99 விண்டோஸுக்குள் நேரடியாக நுழைந்தது 2019இல், அரசு அறிவித்து முழுசாக 20 ஆண்டு கழித்து. இடைப்பட்ட காலத்தில் முரசு அஞ்சல், ஈ-கலப்பை, அழகி, என்எச்எம் ரைட்டர் போன்ற மென்பொருள்கள்தான் தமிழ் விசைகளைத் தாங்கிப் பிடித்தன.

அரசு தமிழ்99ஐத் தரம் என்றது. அதே அரசின் தொழில்நுட்பக் கல்வித் துறை நடத்தும் டைப்பிங் தேர்வோ அதற்குப் பின்னும் பல ஆண்டுகள் பழைய எந்திரத்திலும் பழைய வரிசையிலுமே நடந்தது. வேலைக்கு ஹையர் சான்றிதழ் வேண்டும் என்னும்போது சிவகிரிப் பெண் யளனகபகவைத்தான் கற்பாள். அவளைக் குறை சொல்ல முடியாது. ஹையர் முடித்தவர்களுக்கு அந்த வரிசை விரல் எலும்பில் ஏறியிருக்கும். அவர்கள் தமிழ்99க்கு மாறுவது, ஸ்ட்ராங் சோதனையில் மாட்டியவர்களைப் போலக் கொஞ்சம் நஷ்டக் கணக்குதான். டைப்ரைட்டர் வரிசையிலேயே யூனிகோடு எழுத்து தரும் மென்பொருள்கள் இருக்கின்றன. அவற்றை வைத்துக்கொண்டு பழைய வேகத்திலேயே ஓடலாம். இன்றுவரை ஃபோனெட்டிக்கில் தடவிக்கொண்டிருப்பவரும் புதிதாகக் கற்கும் பள்ளிப் பிள்ளையும் தமிழ்99க்குப் போவது நல்லது.

டைப்ரைட்டர் வகுப்பிலிருந்து வருகிறவர் விட்டுவிட வேண்டிய பழக்கம் ஒன்றும் உண்டு. எந்திரத்தில் ஒரு விசையைத் தட்டி, அது திரும்பிய பிறகே அடுத்ததைத் தட்ட வேண்டும். அவசரப்பட்டால் இரண்டு எழுத்துக் கம்பிகளும் நடுவழியில் பின்னிக்கொண்டு நிற்கும். விரலை மையாக்கிக்கொண்டு பிரிக்க வேண்டும். ஆகவே வகுப்பில் தாளம் தப்பாமல் சீராகத் தட்டச் சொல்லித் தருவார்கள். கம்ப்யூட்டரில் பின்னிக்கொள்ள கம்பியே கிடையாது. ஃபின்லாந்தின் ஆல்ட்டோ பல்கலைக்கழகமும் கேம்பிரிட்ஜும் சேர்ந்து 2018இல் வெளியிட்ட ஆய்வில் 1,68,000 பேரின் 13 கோடியே 60 லட்சம் தட்டல்களை ஆராய்ந்தார்கள். சராசரி வேகம் நிமிடத்துக்கு 52 சொல். வேகக்காரர்களிடம் தெரிந்த பொது அடையாளம், முதல் விசையிலிருந்து விரல் எழும் முன்பே அடுத்த விசை கீழே இறங்கிவிடுவது. முறையாகக் கற்றாரா, தானாகப் பழகினாரா என்பதைவிட அது பெரிய வேறுபாடாக இருந்தது. ஒப்பிட்டுக்கொள்ள ஒரு கணக்கு: இங்கிலீஷ் ஹையரின் வேகம் நிமிடத்துக்கு 45 சொல். ஒரு சொல்லுக்கு ஐந்து தட்டல் என்றால் 225 தட்டல், நொடிக்குக் கிட்டத்தட்ட நான்கு.

இனிப் பலகைக்கு வரலாம். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சாதாரணக் கீபோர்டில் விசைக்கு அடியில் ரப்பர் குமிழ் இருக்கும். அது நசுங்கி அடிவரை போய் மெம்பிரேன் படலத்தில் தொட்டால்தான் எழுத்து விழும். விரல் ஒவ்வொரு முறையும் அடியில் முட்டிவிட்டுத்தான் எழ வேண்டும். மெக்கானிக்கல் கீபோர்டில் விசைக்கு விசை தனி ஸ்பிரிங், தனி ஸ்விட்ச். ஜெர்மனியின் செர்ரி நிறுவனம் 1980களில் கொண்டு வந்த வகை மிகப் பிரபலம். மொத்தம் 4 மில்லிமீட்டர் இறங்கக்கூடிய விசை, 2 மில்லிமீட்டர் இறங்கியதுமே எழுத்தைப் பதிந்துவிடும். மிச்சப் பாதி பயணம் விரலின் விருப்பம். காப்புரிமை காலாவதியானபின் சீன நிறுவனங்கள் அதே அளவில் ஸ்விட்ச் செய்யத் தொடங்கியதால் விலையும் இறங்கிவிட்டது.

இது ஏதோ புதுசு என்று நினைக்க வேண்டாம். வங்கிக் கவுன்ட்டரிலும் டிடிபி கடையிலும் கடகடவென்று சத்தம் போட்டுக்கொண்டிருந்த டிவிஎஸ் கோல்ட் இந்த வகைதான். சென்னையில் இருக்கும் டிவிஎஸ் எலக்ட்ரானிக்ஸின் சரக்கு. வெகுகாலம் செர்ரியின் நீல ஸ்விட்சோடு வந்தது. ரூபாய்க் குறி 2010இல் அறிமுகமானதும் அதைப் பொறித்த பாரத் மாடலும் வந்தது. நீல ஸ்விட்ச் சொடக்குப் போட்டதுபோல் ஒலிக்கும். எழுத்து விழுந்தது காதுக்கே தெரியும் என்பதால் டைப்ரைட்டரிலிருந்து வந்தவர்களுக்கு அது பிடித்துப்போனதில் வியப்பில்லை. பக்கத்து மேசைக்காரருக்குப் பிடித்ததா என்பது வேறு கேள்வி.

சுண்டுவிரலுக்கு முக்கியம் சத்தம் அல்ல, எடை. நீல ஸ்விட்சை இறக்க ஏறக்குறைய 60 கிராம் அழுத்தம் வேண்டும். செர்ரியின் சிவப்பு ஸ்விட்சுக்கு 45 கிராம். வீட்டிலேயே சோதிக்கலாம். கடைக்காரர்கள் வாங்க மறுத்ததால் டப்பாவில் கிடக்கும் பத்து ரூபாய் நாணயங்களுக்கும் ஒரு வேலை. ஒன்றின் எடை 7.71 கிராம். விசையின் மேல் சின்ன ரப்பர் அழிப்பான் துண்டை வைத்து அதன் மேல் நாணயங்களை ஒவ்வொன்றாக அடுக்க வேண்டும். ஆறு நாணயத்தில் எழுத்து விழுந்தால் சுமார் 46 கிராம். எட்டு தேவைப்பட்டால் 62 கிராம் போல. நிமிடத்துக்கு 40 சொல் வேகத்தில் மூன்று மணி நேரம் தட்டுகிறவருக்கு 36,000 தட்டல். ஒவ்வொன்றிலும் 15 கிராம் மிச்சம் பிடித்தால் மொத்தம் 540 கிலோ. வெறும் கூட்டல் கணக்குதான், மருத்துவக் கணக்கு இல்லை. ஆனாலும் அந்த எண்ணைப் பார்த்த பிறகு விரல் கொஞ்சம் யோசிக்கும். மறுபக்கம், மிகவும் லேசான விசை விரல் சும்மா பட்டாலே எழுத்தைக் கொட்டிவிடும். ஓங்கித் தட்டிப் பழகிய டைப்ரைட்டர் கைக்கு முதல் வாரம் சிவப்பில் பிழையோ பிழையாக வரும்.

விளம்பரத்தில் எத்தனை விசையை ஒரே நேரத்தில் அழுத்தினாலும் பதியும் என்று பெருமையடிப்பதை நம்பிக் காசு கூட்டிக் கொடுக்க வேண்டாம். அது விளையாட்டுக்காரர்களுக்கு. வண்ண விளக்கும் அப்படித்தான்.

பலகையின் பின்பக்கம் மடித்து நிமிர்த்தும் இரண்டு குட்டிக் கால்கள் இருக்கும். வாங்கி வந்ததும் எல்லோரும் முதல் வேலையாக அதைத்தான் நிமிர்த்துவார்கள். அது தப்பு. பின்பக்கம் உயர்ந்தால் மணிக்கட்டு மேல்நோக்கி மடங்கும். மணிக்கட்டுக்குள் நடு நரம்பு செல்லும் குறுகிய குகையில் அழுத்தம் கூடும். கீபோர்டினால்தான் கார்ப்பல் டனல் நோய் வருகிறதா என்பதில் ஆய்வாளர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. ஆனால் மணிக்கட்டு நேராக இருந்தால் அழுத்தம் குறைவு என்பதில் சண்டையில்லை. காலை மடித்தே வைக்கலாம். பழைய டைப்பிங் வகுப்புகளில் எந்திரத்துக்கு மேசை சாதாரண மேசையைவிடத் தாழ்வாக இருக்கும், முழங்கை செங்கோணத்தில் நிற்பதற்காக. இன்று அலுவலக மேசையில், சாப்பாட்டு மேசையில், அதுவும் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து தட்டும்போது தோள் தானாகத் தூக்கிக்கொள்கிறது. இரண்டாயிரம் ரூபாய் கீபோர்டைவிட நாற்காலியில் போடும் ஒரு தலையணை அதிக வேலை செய்யக்கூடும்.

வலது ஓரத்து எண் பலகை வேண்டுமா என்பதும் ஆளைப் பொறுத்தது. பட்டா எண்ணும் சர்வே எண்ணும் நாள் முழுக்க அடிக்கிற தாலுகா அலுவலக ஊழியருக்கு அது இல்லாமல் ஓடாது. கதை, கட்டுரை எழுதுகிறவருக்கு அது வெறும் இடத்தைப் பிடிக்கும். அது இல்லாத 87 விசைப் பலகையில் மவுஸ் இன்னும் கிட்டே வந்துவிடும், வலது தோளுக்கு நிம்மதி.

பழைய கீபோர்டு ஒன்றைக் கண்டால் அதன் சொந்தக்காரர் எந்த வரிசையில் தட்டுகிறார் என்று அவரைக் கேட்காமலே சொல்லிவிடலாம். விசையின் மேல் அச்சிட்ட எழுத்துகள் விரல் பட்டுப் பட்டுத் தேயும். மலிவான பிளாஸ்டிக் என்றால் எண்ணெய் தடவியதுபோல் மினுங்கவும் செய்யும். மனு அடித்துத் தரும் ஜெராக்ஸ் கடைகளில் குனிந்து பார்த்தால் தெரியும். ஏ அழிந்து வழுவழுவென்று இருந்தால் ஃபோனெட்டிக். செமிகோலன் அழிந்திருந்தால் ஹையர் முடித்த கை. எஃப்பில் எழுத்து போய், அந்தச் சின்ன மேடு மட்டும் மிச்சமிருந்தால் தமிழ்99.